உள்ளே சிரிக்கிறேன்

இப்போது நான் சிரித்தால் வலது கன்னம் முதலில் கிளம்புகிறது. இடது கன்னம் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்னால் வருகிறது. பிசியோதெரபி டாக்டர், "இன்னும் கொஞ்ச நாள்ல ரெண்டும் ஒண்ணா வந்துரும்மா" என்கிறார். வந்தால் நல்லது. வராவிட்டால் என்ன செய்வது என்று யோசித்துக் கிடந்த நாட்கள் போய்விட்டன.

போன வாரம் பிசியோதெரபிக்குக் காத்திருந்தபோது ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னைவிடச் சின்னவள். எனக்கு வந்த அதே நோய் அவள் கணவனுக்கு வந்து ஐசியூவில் இருக்கிறானாம். போனில் நோயின் பெயரைப் போட்டுத் தேடி, வந்ததையெல்லாம் படித்துப் பயந்து போயிருந்தாள். நானும் அதைத்தான் செய்தேன்.

"அக்கா, நீங்க நடந்தா வந்தீங்க?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வீட்டுல அண்ணனும் நீங்களும் எப்படிக்கா சமாளிச்சீங்க?" என்றாள். அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது அவள் இல்லை.

முதல் கேள்விக்கு ஒரு வார்த்தை போதும். இரண்டாவது கேள்விக்குத்தான் இதை எழுதுகிறேன்.

என் கணவர் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்வெர்ட்டர், பேட்டரி கடை வைத்திருக்கிறார். வாடகை வீடு, திருப்பரங்குன்றத்தில். கீழே வீட்டுக்காரர் இருக்கிறார். மாடியில் நாங்கள் இருவரும், மகள் யாழினியும், என் மாமியாரும். கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. யாழினிக்கு நாலு வயது நடக்கிறது. அவள் பிறக்கும்வரை ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன்.

அவர் பேச்சு குறைந்தவர். நானும் கேட்டால்தான் பதில் சொல்வேன். பிறகு எப்படிக் குடும்பம் நடந்தது என்றால், முகத்தை வைத்துத்தான். "அத்தை வீட்டுக்குப் போவமா?", "இந்தக் கலர் எடுப்பமா?" என்று அவர் எதைக் கேட்டாலும் நான் "உங்க இஷ்டம்" என்பேன். அப்படிச் சொல்வதுதான் மரியாதை என்று பழகியிருந்தேன். என் அம்மாவும் அப்பாவிடம் அப்படித்தான் சொல்வாள். அவர் உடனே என் முகத்தைப் பார்ப்பார். புருவம் ஏறியிருந்தால் எனக்குப் பிடிக்கவில்லை. வாய் ஓரம் ஒதுங்கியிருந்தால் ஆசைதான், கேட்கத் தயக்கம். பார்த்துவிட்டு அதன்படி செய்வார். தப்பாகப் போனதே இல்லை. இது எல்லாருக்கும் வாய்க்காத பொருத்தம் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

முதலில் போனது செருப்புதான். ஒரு சாயங்காலம் கோயில் தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தோம். பின்னால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தவர், "வாணி, ஒரு செருப்பு எங்க?" என்றார். குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. பூக்கடைக்குப் பக்கத்திலேயே கழன்று கிடந்தது. அங்கிருந்து வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறேன், எனக்குத் தெரியவே இல்லை.

"அறுந்துருச்சு போல" என்றேன். அவர் போய் எடுத்துவந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை.

அதற்குச் சில வாரங்களுக்கு முன் வீட்டில் எல்லாருக்கும் வயிற்றுப்போக்கு வந்து சரியாகியிருந்தது. அதற்குப் பிறகு பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. தூக்கம் போதவில்லை, பாப்பாவைத் தூக்கித் தூக்கி அசதி, ரத்தம் குறைவாக இருக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பக்கத்துக் கிளினிக்கில் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து ஓய்வெடுக்கச் சொன்னார்கள். இரண்டு நாளில் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். கால் ஏறவில்லை. மறுநாள் காலை வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இரண்டு ஓரத்திலும் வழிந்தது. முகம் கழுவும்போது சோப்பு நுரை கண்ணுக்குள் போனது. கண்ணை மூடித்தான் இருக்கிறேன் என்று நினைத்தேன். மூடவில்லை.

மாமியார் உப்பும் மிளகாயும் எடுத்து எனக்குச் சுற்றிப் போட்டார். "நான் செய்ய வேண்டியதச் செஞ்சுட்டேன். இனி டாக்டரு செய்ய வேண்டியதச் செய்யட்டும், ஆட்டோவக் கூப்புடு" என்று மகனை விரட்டினார். அந்த இரண்டையும் ஒரே மூச்சில் செய்ததற்காக அவர் மேல் எனக்கு இன்றும் தனி மதிப்பு உண்டு.

ஆஸ்பத்திரியில் நரம்பியல் டாக்டர் ஒரு பெண். முழங்காலுக்குக் கீழே சின்ன ரப்பர் சுத்தியலால் தட்டினார். சாதாரணமாகக் கால் துள்ள வேண்டும். என் கால் சும்மா தொங்கியது. இன்னொரு தடவை தட்டிவிட்டு, சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "இன்னைக்கே அட்மிட் பண்ணிக்கலாம்" என்றார். எனக்குப் பாப்பாவுக்கு மதியச் சாப்பாடு யார் கொடுப்பார்கள் என்பதுதான் முதலில் தோன்றியது.

இரண்டு சோதனைகள் செய்தார்கள். ஒன்று, கையிலும் காலிலும் ஒயர் ஒட்டி லேசான மின்சாரம் கொடுத்து, நரம்பு வழியாக அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது. சுருக் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். இன்னொன்று, கருவில் இருக்கும் குழந்தை போல ஒருக்களித்துச் சுருண்டு படுக்க வைத்து, இடுப்புக்கு நடுவில் ஊசி போட்டு முதுகுத்தண்டு நீரை எடுப்பது. பேரைக் கேட்டுப் பயந்த அளவுக்கு அதில் வலி இல்லை. அசையாமல் இருப்பதுதான் கஷ்டம்.

நோயின் பெயர் கில்லன் பாரே சிண்ட்ரோம். சுருக்கமாக ஜிபிஎஸ் என்பார்கள். டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: "வயித்துல வந்த கிருமியோட சண்டை போட உடம்பு ஒரு படையத் தயார் பண்ணுச்சு. கிருமி போயிருச்சு, ஆனா படை கலையல. உங்க நரம்பையே எதிரின்னு நெனச்சு அடிக்குது. ரொம்பப் பேருக்குச் சரியாயிரும். ஆனா நாளாகும். மூச்சு விடுற தசைய மட்டும் தொடாம இருக்கணும். அதான் இப்ப நாம பாக்க வேண்டியது."

என் கணவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "டாக்டர், ஒயரு உள்ள அறுந்துருச்சா, இல்ல மேல இருக்க உறை மட்டும் போயிருக்கா?" என்று கேட்டார்.

டாக்டர் சிரித்துவிட்டார். "உறைதான் சார். அது திரும்ப வளரும்."

என் கணவரின் முதுகு நாற்காலியில் சாய்வதைப் பார்த்தேன். அன்று முழுக்க அவர் சாய்ந்து உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான்.

ஐசியூவில் ஜன்னல் இல்லை. ஏசி சத்தமும் மானிட்டர் சத்தமும்தான். நன்றாக இருக்கிறவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதத்தை நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அந்தப் படையைக் கலைப்பதற்கான மருந்து அது. விலை கூடியது. அரசுக் காப்பீடு கொஞ்சம் தாங்கியது, மிச்சத்தை என் வளையல்கள் தாங்கின. அதைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

தினமும் காலையில் மூச்சை இழுத்துக்கொண்டு, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று எண்ணச் சொல்வார்கள். மூச்சுத் தசையில் பலம் இருக்கிறதா என்று பார்க்க அதுதான் எளிய வழி. பார்வையாளர் நேரமும் அதுவும் ஒன்றாக வந்துவிட்டால் என் கணவர் கால்மாட்டில் நிற்பார். நான் எண்ண எண்ண அவர் உதடும் சத்தமில்லாமல் எண்ணும். கணக்கு டீச்சராக இருந்தவள் நான். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டேன். நான் நின்ற பிறகும் அவர் உதடு நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். நேற்று நான் நின்ற இடம் வரை போய்விட்டுத்தான் நிற்கும்.

பிறகு ஒரு காலை, நான் நேற்றைய இடத்திலேயே நின்றேன். அதற்கு மறுநாள் ஒன்று கூடியது. டாக்டர் என் தோளைத் தட்டினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கால்மாட்டில் நின்ற கணவரைப் பார்த்துச் சிரித்தேன்.

அவர் முகம் வாடியது. பக்கத்தில் வந்து மெதுவாக, "கோவமா வாணி?" என்றார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, என் முகம் போய்விட்டது என்று. இரண்டு பக்கமும் தசை அசையவில்லை. உள்ளே நான் சிரித்தது வெளியே வந்து சேரவே இல்லை. கண் இமை மூடாததால் கண் காய்ந்துவிடக் கூடாது என்று சொட்டு மருந்து ஊற்றி, தூங்கும்போது டேப் ஒட்டினார்கள். உதடு சேராததால் சில எழுத்துகள் வரவில்லை. 'அம்மா' வரவில்லை. 'பாப்பா' வரவில்லை. இருக்கிற வார்த்தைகளிலேயே 'பாப்பா'வைச் சொல்லத்தான் எனக்கு உதடு அதிகம் வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவர் வரும்போதெல்லாம் அதே கேள்விதான். தலையைத் துவட்டிவிட்டால், "கோவமா?" கஞ்சியை ஊட்டிவிட்டால், "சூடா இருக்கா? கோவமா?" இல்லை என்று தலையை ஆட்டுவேன். அவருக்கு நம்பிக்கை வராது. ஆறு வருடம் என் வாயை நம்பாமல் முகத்தை மட்டும் நம்பிப் பழகியவர். முகம் கோபமாக இருப்பதாகச் சொன்னால் தலை ஆட்டுவதை எப்படி நம்புவார்?

வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே ஜன்னல் இருந்தது. அதற்கே அழுகை வந்தது. பக்கத்துக் கட்டிலில் முதுகில் டிஸ்க் ஆபரேஷன் செய்த ஒரு அக்கா. சௌராஷ்டிரக் குடும்பம். கணவனும் மனைவியும் தங்கள் வீட்டு மொழியில் காலையிலிருந்து சண்டை போடுவார்கள். ஒரு நாள் சண்டை பலமாக இருந்தது. அக்காவின் கணவர் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போனதும் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"பயந்துட்டியாம்மா? ஒண்ணுமில்ல. ஏன் லேட்டுன்னு கேட்டேன். வந்த பஸ்ல ஜன்னல் சீட்டு இல்லையாம், அடுத்த பஸ்ல வந்தாராம். பொண்டாட்டி முதுகு ஒடிஞ்சு கெடக்கா, இவுகளுக்குக் காத்து வேணும்!" பிளாஸ்கோடு அவர் திரும்பி வந்ததும் அவரிடம் தமிழிலேயே, "சொல்லிட்டேன், உங்க ஜன்னல் சீட்டுக் கதைய" என்றாள். "சொல்லு, சொல்லு. பேப்பர்லயும் போடு" என்றபடி அவளுக்குக் காபியை ஆற்றிக் கொடுத்தார்.

பிறகு அக்கா என்னைக் கேட்டாள்: "ஆமா, நீயும் உங்க வீட்டுக்காரரும் பேசிக்கிறதே இல்லையே, சண்டையா?"

"இல்லக்கா" என்றேன்.

"சண்டையும் இல்லையா?" என்று வருத்தப்பட்டாள்.

என் அம்மா அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி ஒருநாள் விட்டு ஒருநாள் வருவாள். ஒரு மதியம் அம்மாவும் மாமியாரும் என் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, நான் அங்கே இல்லாதது போலப் பேசினார்கள்.

"மதினி, டிஸ்சார்ஜ் ஆனதும் எம்புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். உங்களுக்கும் முட்டி வலி. மாடிப்படி வேற."

"அய்யோ, நானே எப்படிக் கேக்குறதுன்னு இருந்தேன் மதினி. பொறந்த வீட்டுல இருந்தா சீக்கிரம் தேறிருவா. பாப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. பள்ளிக்கூடம் போனா என்ன, போகாட்டி என்ன, எல்கேஜிதான?"

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். பெண்ணுக்கு உடம்பு முடியவில்லை என்றால் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அம்மா பாசத்தில் கேட்டாள். மாமியார் அம்மாவின் மனசு நோகக் கூடாது என்று சம்மதித்தார். இருவரும் ஒருவருக்கொருவர் அத்தனை மரியாதையாக என்னை அலங்காநல்லூருக்கு அனுப்பி வைத்துவிட்டார்கள்.

எனக்குச் சித்தியின் ஞாபகம் வந்தது. என் அம்மாவின் தங்கை. முதுகு வலி என்று பிறந்த வீட்டுக்கு வந்தவள். வலி சரியாக ஒரு வருடம் ஆனது. சித்தப்பா முதலில் வாராவாரம் வந்தார், பிறகு மாதாமாதம், பிறகு நல்ல நாள் பெரிய நாளுக்கு. எந்தச் சண்டையும் நடக்கவில்லை. அவர் ஓட்டலில் சாப்பிடப் பழகிவிட்டார், அவள் அவர் இல்லாமல் தூங்கப் பழகிவிட்டாள். இன்றும் கணவன் மனைவிதான். கல்யாண வீடுகளில் பார்த்துக்கொள்வார்கள். "நல்லாருக்கியா?" "இருக்கேன்." அவ்வளவுதான். சண்டை போட்டுப் பிரிந்தவர்களைப் பார்த்து நான் பயந்ததில்லை. சித்தியைப் பார்த்துத்தான் பயம்.

அன்று சாயங்காலம் கணவர் வந்தார். மாமியார் விஷயத்தைச் சொன்னார். அவர் என்னைப் பார்த்து, "நீ என்ன சொல்ற?" என்றார்.

பழக்கம் எவ்வளவு கெட்டது பாருங்கள். "உங்க இஷ்டம்" என்றேன்.

சொல்லிவிட்டு, என் புருவம் ஏறும், அவர் பார்ப்பார், வேண்டாம் என்பார் என்று காத்திருந்தேன். அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "சரி, அத்தை சொல்றபடியே செய்யட்டும்" என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே வெளியே போனார்.

அவருக்கும் அதுதான் இஷ்டம் போல என்று நினைத்தேன். தப்பென்ன? கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு ஓடி வருகிறார். அசையாத முகத்தைத் தினமும் பார்க்க யாருக்குத்தான் பிடிக்கும்? இப்படி நினைப்பேன். உடனே, அவரைப் போய் இப்படி நினைக்கலாமா என்று நினைப்பேன். பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாள் டாக்டரிடம் அனுமதி வாங்கி யாழினியைக் கூட்டிவந்தார்கள். ஓடி வந்தவள் கட்டிலுக்கு முன்னால் சட்டென்று நின்றாள். அப்பாவின் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள்.

"அம்மா கோவமா இருக்கு" என்றாள்.

என் உடம்பில் எது வலித்தாலும் அதற்கு ஒரு மருந்து கொடுத்தார்கள். இதற்குக் கொடுக்கவில்லை. அப்போது கை கொஞ்சம் தூக்க வந்துவிட்டது. இரண்டு விரலால் உதட்டைப் பிடித்துச் சேர்த்து, "பாப்பா" என்றேன். வந்தது. "பாப்பா, அம்மாவுக்கு மூஞ்சி தூங்குது. அம்மா உள்ள சிரிக்கிறேன்."

அவள் யோசித்தாள். மெதுவாக வந்து கட்டிலில் ஏறி, என் வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். "கேக்கல" என்றாள்.

"ஹ ஹ ஹா" என்றேன்.

அவளுக்குக் கேட்டுவிட்டது. அதற்குப் பிறகு வார்டு முழுக்க ஒவ்வொரு கட்டிலாகப் போய், "எங்கம்மா உள்ள சிரிக்குது, எங்கம்மா உள்ள சிரிக்குது" என்று அறிவித்துவிட்டு வந்தாள். பக்கத்துக் கட்டில் அக்கா, "சிரிக்க வெக்காதடி, தையல் பிரிஞ்சுரும்" என்று முதுகைப் பிடித்துக்கொண்டாள். என் கணவர் மட்டும் ஜன்னல் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அம்மா வாடகைக் கார் பிடித்துக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டாள். மாமியார் பாப்பாவின் துணிகளை ஒரு பையில் மடித்து வைத்திருந்தார். இரண்டு பேரும் மருந்து வாங்கக் கீழே போனார்கள். கணவர் இட்லியைச் சாம்பாரில் பிசைந்து ஊட்டினார். என் கண்ணிலிருந்து வழிந்தது. துணியை எடுத்துத் துடைத்தார். திரும்பவும் வழிந்தது. திரும்பவும் துடைத்தார்.

"சொட்டு மருந்து ரொம்ப வழியுது. நர்சம்மாட்ட கம்மியா ஊத்தச் சொல்லணும்" என்றார்.

முந்தின நாள் பாப்பாவிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. அவளிடம் சொல்ல முடிந்ததை இவரிடம் ஏன் சொல்லவில்லை?

"இது மருந்து இல்லங்க."

"பின்ன?"

"அழுகுறேன்."

அவர் கையில் இருந்த ஸ்பூன் அப்படியே நின்றது. "எப்ப இருந்து?"

"அம்மா என்னையக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னதுல இருந்து."

"நீதான உங்க இஷ்டம்னு சொன்ன?"

"நீங்கதான மூஞ்சியப் பாத்தீங்க?"

"மூஞ்சியில என்ன இருந்துச்சு? செவுத்தப் பாத்த மாதிரி இருந்துச்சு." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் இப்ப சிரிக்கிறேன்" என்றேன்.

"அழுகுறேன்னு சொன்ன?"

"ரெண்டும்தான்."

பிறகு நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். உதட்டைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டியிருந்ததால் மெதுவாகத்தான் சொல்ல முடிந்தது. நம் வீட்டுக்கு வர வேண்டும். சித்தி மாதிரி ஆகிவிடக் கூடாது. "நான் இல்லாம இருக்க உங்களுக்குப் பழகிருமோன்னு பயமா இருக்கு. உங்களப் பாத்து இல்ல, பழக்கத்தப் பாத்துத்தான் பயம்."

அவர் தட்டைக் கீழே வைத்தார். "நீ ஐசியூல இருந்தப்ப வீட்டுக்குத் தூங்கப் போனேன்ல" என்றார். "பழகல."

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துப் போர்வைமேல் வைத்தார். வீட்டுக்காரர் கீழே பழைய சாமான் போட்டு வைத்திருந்த அறையின் சாவி. நான் வார்டுக்கு மாறின அன்றே அவரிடம் கேட்டு வாங்கி, சாமான்களை ஒதுக்கி, கழுவிவிட்டு, பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடித்து வைத்திருந்தாராம். "மாடி ஏற முடியாதுல்ல. நீ தேறுற வரைக்கும் அங்க இருந்துக்கலாம்னு. அப்புறம் அத்தை வந்து கேட்டாங்க. நீயும் ஒண்ணும் சொல்லல. உனக்கு அங்கதான் நிம்மதி போலன்னு நெனச்சேன். நான் என்னத்த பாத்துக்கப் போறேன், அம்மா மாதிரி வருமா?"

நான் அவர் இஷ்டம் என்று நினைத்து, அவர் என் இஷ்டம் என்று நினைத்து, இரண்டு பேருக்குமே இஷ்டமில்லாத காரில் ஏறப்போய்விட்டோம். சாவி அத்தனை நாளும் என் தலைமாட்டுக்குப் பக்கத்தில், அவர் சட்டைப் பையில் இருந்திருக்கிறது.

பக்கத்துக் கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. "அப்பாடா! பேசிட்டீங்களா? இம்புட்டு நாளா எங்க வீட்டுக்காரரு கேட்டுக்கிட்டே இருந்தாரு." திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவர், "நான் எங்க கேட்டேன்? நீதான் கேட்ட" என்றார். அவர்கள் தங்கள் மொழிக்குப் போய்விட்டார்கள்.

அம்மாவிடம் சொல்வது எளிதாக இல்லை. முதலில் என் கணவர்தான் பேசினார். "அத்தை, கோவிச்சுக்காதீங்க. வாணிய வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்."

அம்மாவின் முகம் சுருங்கியது. "என் வீட்டுல பாத்துக்கிற மாட்டேன்னு நெனச்சுட்டீங்களா மாப்ள?"

"இல்லம்மா" என்றேன். "எனக்கு இவுக கூட இருக்கணும்." மாமியார் முன்னால், அம்மா முன்னால் இப்படி ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து வரும் என்று நான் நினைத்ததில்லை. வெட்கமாக இருந்தது. நல்லவேளை, முகத்தில் தெரியவில்லை.

மாமியார் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அம்மா ஜன்னல் வழியாகக் கீழே நின்ற காரைப் பார்த்தாள். பிறகு, "அப்ப அந்தக் காரு? கோழி வேற பிடிச்சுக் கட்டிப் போட்டுட்டு வந்துருக்கேனே சூப்பு வெக்க?" என்றாள்.

"காரு இருக்கட்டும் மதினி, எல்லாரும் அதுலயே திருப்பரங்குன்றம் போவோம். நீங்களும் எங்கூட வந்து இருங்க. கோழிய நாளைக்குக் கொண்டாரச் சொல்லுவோம்" என்றார் மாமியார். அம்மா வந்தாள். ஒரு மாதம் இருந்தாள். முதல் வாரம் என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. மருந்தை மட்டும் நேரம் தவறாமல் கொடுத்தாள். கோழி மறுநாளே பஸ்ஸில் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாம் இனிப்பாக இருந்தது என்று எழுதினால் பொய். கம்பியைப் பிடிக்காமல் நடந்து பார்த்து நான் விழுந்தபோது அவர் கத்தினார். அவசரத்துக்கு வந்த வாடிக்கையாளர் பூட்டின கடையைப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டார் என்று தெரிந்த அன்று அவர் சாப்பிடவில்லை. முன்பென்றால் அன்று வீடு மௌனமாக இருந்திருக்கும். இப்போது அது முடியாது. என் முகம் பேசாததால் நான் பேசியே ஆக வேண்டியிருந்தது. "இப்ப எனக்குக் கோவம்." "இப்ப பயமா இருக்கு, பக்கத்துல உக்காருங்க." "காபி நல்லா இருந்துச்சு." ஆரம்பத்தில் டாக்டரிடம் அறிகுறி சொல்வது போலத்தான் இருந்தது. அவர் "சரி" என்பார். அப்புறம் ஒரு நாள் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னைக்கு எனக்கு அலுப்பா இருக்கு வாணி" என்றார். ஆறு வருடத்தில் அவருக்கு அலுப்பு என்று அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். கணவன் மனைவியைப் பற்றி அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வது பெரிய விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பியிருந்தால் நான் இன்று அலங்காநல்லூரில் இருந்திருப்பேன். நம்மிடம் கேட்கிறார்கள் என்றால் பதிலைச் சொல்லிவிடுவது நல்லது தங்கச்சி. உன் கணவனுக்குப் பேச்சு வரவில்லை என்றால் கண்ணால் சொல்லட்டும், விரலால் சொல்லட்டும். நீயாக எதையும் ஊகித்துக்கொள்ளாதே. நீயும் அவனிடம் சொல்.

மாடிக்குத் திரும்பி ஏறிவிட்டோம். கீழறைச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார். கம்பியை மட்டும் கழற்றிவந்து மாடி பாத்ரூமில் அடித்திருக்கிறார்.

நேற்று சாயங்காலம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து வீட்டு இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கடைக்கு வந்த ஒரு ஆளைப் பற்றிச் சொன்னார். "பேட்டரிக்குனு இருக்க டிஸ்டில்டு வாட்டர் ஊத்தச் சொன்னா, மினரல் வாட்டரை ஊத்திருக்கான். 'அண்ணே, கேன் தண்ணி, சத்தானதுண்ணே'ங்கிறான்."

நான் சிரித்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். வலது கன்னம் போய், இடது கன்னமும் போய்ச் சேரும்வரை பார்த்தார்.

பழக்கத்தில், "சிரிக்கிறேன்" என்றேன்.

"தெரியுது" என்றார். மறுபடி இன்வெர்ட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். "தெரிஞ்சாலும் சொல்லு."

அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மூடியைத் திருகிக்கொண்டே அவராகவே சொன்னார்:

"நானும்தான்."